அலைக்கோடு வந்த வழி

எங்கள் திருப்புட்குழிக்குப் பக்கத்தில் பாலுசெட்டிச்சத்திரத்து நெடுஞ்சாலையில் நின்றால் ஒரு பக்கம் காஞ்சிபுரம், மறு பக்கம் வாலாஜாபேட்டை. இந்தச் சாலையின் இரண்டு முனைகளும் ஒரு புத்தகத்துக்குக் கடன் கொடுத்திருக்கின்றன. புத்தகம் அச்சானதோ இந்தப் பக்கமே இல்லை. தெற்கே எட்டயபுரத்தில், 1904-ல், தெலுங்கு எழுத்தில். பெயர் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'. எழுதியவர் சுப்பராம தீட்சிதர்.

காஞ்சிபுரத்தின் கடன் எளிதில் புரியும். முத்துசுவாமி தீட்சிதர் சில ஆண்டுகள் காஞ்சியில் தங்கியிருந்தார். ஏகாம்பரநாதர் மேல் பைரவியிலும் வரதராஜர் மேல் கங்காதரங்கிணியிலும் அவர் செய்த கீர்த்தனைகளை இன்று யார் பாடினாலும், ஸ்வரம் சரிதானா என்று பார்க்க எடுப்பது இந்தப் புத்தகத்தைத்தான். வாலாஜாபேட்டையின் கடன் சுற்றி வந்த கடன். அதைப் பிறகு சொல்கிறேன்.

இரண்டு பாகம், ஏறத்தாழ 1700 பக்கம். வேங்கடமகியின் மரபில் வந்த 72 மேளங்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் லட்சணம், கீதம், கீர்த்தனை, சஞ்சாரி என்று போகிறது. முத்துசுவாமி தீட்சிதரின் கிருதிகள் மட்டும் 229. முன்னால் சார்ங்கதேவர் முதல் தம் காலம் வரையிலான இசைவாணர்கள் எழுபது பேருக்கு மேல் வாழ்க்கைக் குறிப்புகள். இவ்வளவும் இருந்தும், இந்தப் புத்தகத்தின் உயிர் எழுத்தில் இல்லை என்பது என் எண்ணம். எழுத்தின் தலைக்கு மேல் இருக்கிறது.

ஒரு பக்கத்தை விரித்துப் பாருங்கள். ஸ, ரி, க, ம என்று தெலுங்கு எழுத்துகள். சிலவற்றின் மேல் சின்ன அலைக்கோடு: அது கம்பிதம், தந்தியை அசை என்று அர்த்தம். கூம்பாக அடுக்கிய மூன்று புள்ளி ஸ்புரிதம். அதையே தலைகீழாக வைத்தால் பிரத்யாகதம். சாய்கோடு மேல்நோக்கிப் போனால் ஏற்ற ஜாரு, கீழே இறங்கினால் இறக்க ஜாரு. நொக்கு, ரவை, கண்டிப்பு, வளி, ஒதுக்கல், ஒரிகை என்று இன்னும் பல, ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி. வீணையில் விரலை எங்கே வைத்துத் தந்தியை என்ன செய்ய வேண்டும் என்று முன்பகுதியில் தீட்சிதர் விளக்கியே விடுகிறார். அவர் வீணைக்காரர், கையால் அறிந்ததைத்தான் எழுதினார்.

இந்தக் குறிகள் எப்படிப் பயணம் செய்தன, எங்கெங்கே உதிர்ந்தன என்பதுதான் இந்தப் புத்தகத்தின் கதை.

தொடக்கத்தில் குறி என்று ஒன்றுமில்லை. குரு பாடுவார், சீடன் வாங்குவான். யாதவப்பிரகாசரிடம் ராமானுஜர் பாடம் கேட்டது எங்கள் ஊரில்தான் என்பார்கள்; வேதாந்தமோ சங்கீதமோ, அன்றைக்குப் பாடம் என்றால் காதுதான். ஓலை நினைவுக்குத் துணை, அவ்வளவே. பதினேழாம் நூற்றாண்டில் தஞ்சை விஜயராகவ நாயக்கர் கேட்டு வேங்கடமகி 'சதுர்தண்டி பிரகாசிகை' எழுதினார். (எங்கள் ஊர்ப் பெருமாள் பெயரும் விஜயராகவர்தான், தஞ்சை நாயக்கர் பேச்சு வந்தாலே ஊரில் யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் விடமாட்டார்.) அந்த மரபில் வந்த வேங்கடவைத்தியநாத தீட்சிதரிடம் ராமசுவாமி தீட்சிதர் கற்றார். அவர் மகன் முத்துசுவாமி. தம்பி பாலுசுவாமி எட்டயபுரம் சமஸ்தானத்து வித்வான் ஆனார். முத்துசுவாமியும் கடைசியில் அங்கேதான் போய்ச் சேர்ந்தார். 1835 தீபாவளியன்று அங்கேயே காலமானார். பாலுசுவாமி தம் மகள் வயிற்றுப் பேரனைத் தத்து எடுத்து வளர்த்தார். 1839-ல் பிறந்த அந்தப் பேரன்தான் சுப்பராம தீட்சிதர். திருவாரூர், மணலி, காஞ்சி, மதுரை என்று அலைந்த பாட்டெல்லாம் இப்படி எட்டயபுரத்தில் ஒரு வீட்டுக்குள் வந்து அடங்கியது. வீட்டை விட்டு அது வெளியே வந்திருக்கவே வேண்டியதில்லை. பெரிய பாடாந்தரம் வைத்திருந்த குடும்பங்களுக்கு அதுதானே சொத்து!

வெளியே கொண்டுவந்தவர் சங்கீதக்காரரே அல்ல. அ.மு. சின்னசுவாமி முதலியார், சென்னைத் தலைமைச் செயலகத்தில் சூப்பிரண்டெண்ட். எம்.ஏ. படித்தவர், கத்தோலிக்கக் கிறிஸ்தவர். பியானோவும் வயலினும் எழுதிவைத்த தாளைப் பார்த்து உலகம் முழுக்க ஒரே மாதிரி வாசிக்கப்படும்போது, நம் பாட்டு மட்டும் ஏன் ஆளோடு சேர்ந்து செத்துப்போக வேண்டும் என்பது அவர் கேள்வி. பதிலையும் அவரே செய்யப் புறப்பட்டார். 1892 வாக்கில், கீழ்நாட்டுச் சங்கீதத்தை ஐரோப்பியக் குறியீட்டில் தரும் மாத வெளியீடு ஒன்றை ஆங்கிலத்தில் தொடங்கினார். புதுப்பேட்டை ஆவே மரியா அச்சகத்தில் அது அச்சானது. ஐந்து கோடு, அதன் மேல் கறுப்பும் வெள்ளையுமாய்ப் புள்ளி, கீழே தியாகராஜரின் சாகித்தியம்.

பாட்டு எங்கிருந்து கிடைத்தது? இங்கேதான் வாலாஜாபேட்டை வருகிறது. தியாகராஜரின் சீடர் வேங்கடரமண பாகவதர் அய்யம்பேட்டையில் வாழ்ந்து பின்பு வாலாஜாபேட்டைக்குக் குடிபெயர்ந்தவர். பட்டு நெசவுக்குப் பேர்போன சௌராஷ்டிர சமூகத்தவர். குரு பாடியதை எழுதிவைக்கும் பழக்கம் அவருக்கும் அவர் மகன் கிருஷ்ணசுவாமி பாகவதருக்கும் இருந்தது. சின்னசுவாமி முதலியார் கேட்டு எழுதியது கிருஷ்ணசுவாமி பாகவதரிடம். அந்தக் குடும்பத்து ஏடுகளும் தாள்களும் பின்னாளில் மதுரை சௌராஷ்டிர சபைக்குப் போய்ச் சேர்ந்தன. காஞ்சியிலிருந்து உபநிஷத் பிரம்மம் தியாகராஜரை அழைத்து எழுதிய கடிதமும் அந்தக் கட்டில்தான் இருந்தது என்பது ஆய்வாளர்கள் சொல்வது. பாட்டை எழுதிவைக்கக் கூச்சப்படாத ஒரு வீடு வாலாஜாவில் இருந்தது. முதலியாரின் வேலைக்கு முதல் முதலீடு அதுதான்.

ஐந்து கோட்டில் என்ன சிக்கல் என்பதைத் தோடியை வைத்துச் சொல்லலாம். தோடியில் காந்தாரம் ஓரிடத்தில் நிற்காது. ரிஷபத்துப் பக்கம் தாழ்ந்து, மத்யமத்தைத் தொட்டு, ஆடிக்கொண்டே இருக்கும். அந்த இடத்தில் ஒரு கறுப்புப் புள்ளி வைத்தால் பியானோக்காரர் ஒரு கட்டையை அழுத்துவார். ஸ்வரம் சரி, ராகம் இல்லை. ஆடுவதை முழுக்க எழுதலாம் என்று பொடிப்பொடிப் புள்ளியாகப் போட்டாலோ, பாட்டைக் காணோம், புள்ளிதான் இருக்கிறது. முதலியாருக்கு இது தெரியாமல் இல்லை. குறிகளைச் சேர்த்துப் பார்த்தார், திருத்தினார், மறுபடி அச்சிட்டார். கைப்பணம் கரைந்தது. பார்வையும் மங்கியது. கண் போகும் காலத்தில்தான் தீட்சிதர் வீட்டுச் சொத்து வெளியே வந்தாக வேண்டும் என்ற பிடிவாதம் அவருக்கு வலுத்தது. 1899-ல் எட்டயபுரம் போய், சுப்பராம தீட்சிதரிடம் இருப்பதையெல்லாம் அச்சில் கொண்டுவர உதவ வேண்டும் என்று ராஜாவிடம் கேட்டுக்கொண்டார். ராஜா ஒப்பினார். தீட்சிதருக்கு அப்போது வயது அறுபது.

புத்தகம் வெளிவந்தபோது அதைக் கையில் வாங்க முதலியார் உயிரோடு இல்லை. கர்நாடக இசை வரலாற்றில் இவருக்குக் கிடைத்திருக்கும் இடம் ரொம்பக் குறைவு என்றே நினைக்கிறேன். தம் முறை போதாது என்று கண்டதும், இன்னொருவர் முறையில் அந்த வேலை நடக்கட்டும் என்று அலைந்த மனிதர் அவர். அப்படி எத்தனை பேரைக் காட்ட முடியும்?

அச்சு வேலை சமஸ்தானத்து வித்யா விலாஸினி அச்சுக்கூடத்தில் நடந்தது. இசையை அச்சிடுவது எங்குமே எளிதாக இருந்ததில்லை. 1501-ல் வெனிஸில் பெட்ருச்சி என்பவர் பலகுரல் பாட்டுகளை ஈய எழுத்தில் முதன்முதலாக அச்சிட்டபோது, ஒரே தாளை மூன்று தடவை அச்சுக்குள் விட்டார்: கோட்டுக்கு ஒரு தடவை, புள்ளிக்கு ஒரு தடவை, சாகித்தியத்துக்கு ஒரு தடவை. தாள் மயிரிழை நகர்ந்தாலும் ஸ்வரம் மாறிவிடும். எட்டயபுரத்துச் சிக்கலும் அதே ஜாதி. எழுத்து, அதற்கு மேல் கமகக் குறி, ஸ்தாயிக்குப் புள்ளி, காலத்துக்குக் கோடு. எல்லாம் ஒரே வரியில் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்க வேண்டும். தெலுங்குப் பெட்டியில் அலைக்கோடு ஏது? இந்தக் குறிகளுக்கென்றே அச்சு வார்க்க வேண்டியிருந்தது. கம்போஸ் செய்தவர்கள் யார் என்று புத்தகம் வைத்திருக்கும் யாரும் கேட்பதில்லை. 1700 பக்கத்துக்குக் குறியை ஸ்வரத்தின் தலையில் பிசகாமல் உட்காரவைத்த கை யாருடையதோ, அதுவும் ஒரு வித்வான் கைதான்.

1906-ல் சுப்பராம தீட்சிதர் மறைந்தார். எட்டயபுரத்துப் பிள்ளையான பாரதி அவருக்கு இரங்கற்பா எழுதினார். அதன்பின் புத்தகம் அலமாரிக்குள் போய்விட்டது என்று சொன்னால் பெரிய தவறில்லை. விலை அதிகம், எடை அதிகம், லிபி தெலுங்கு. தெலுங்கு படிக்கத் தெரிந்த வித்வான்கள் பாடம் எடுத்தார்கள். மற்றவர்களுக்கு அது கேள்விப்பட்ட புத்தகம். தமிழ் எழுத்தில் சென்னை மியூசிக் அகாடமி கொண்டுவரத் தொடங்கியது 1961-ல். பி. ராஜம் ஐயரும் எஸ். ராமநாதனும் பதிப்பித்தார்கள். ஐந்து பாகம், கடைசிப் பாகம் 1983-ல். இருபத்திரண்டு ஆண்டு! எழுத்து மாற்றுவதற்கு அவ்வளவு காலமா என்று கேட்பவர் ஒரே ஒரு பக்கத்தை மாற்றிப் பார்க்கட்டும். தமிழில் ககரம் ஒன்றுதான். சமஸ்கிருத சாகித்தியத்துக்கு நான்கு வேண்டும். எந்தக் ககரம் என்று காட்டும் எண்ணா, கமகக் குறியா என்று எழுத்தின் மேலே இடநெருக்கடி. குறியை விடக்கூடாது என்று அவர்கள் பிடிவாதமாக இருந்தார்கள், அதுதான் பெரிய விஷயம். எத்தனையோ ஸ்வரப் புத்தகங்கள் இந்தக் கிருதிகளை எடுத்துப்போட்டபோது முதலில் கழற்றி எறிந்தது அந்த அலைக்கோட்டைத்தான். அச்சகத்தில் எழுத்து இல்லை, ஆசிரியர் சொல்லிக்கொடுப்பார் என்று சமாதானம். ஆசிரியர் சொல்லிக்கொடுப்பார் என்றால் புத்தகம் எதற்கு?

இப்போது கணினிக் காலம். இங்கே ஒரு சட்ட விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். நம் நாட்டில் ஆசிரியர் இறந்த ஆண்டு முடிந்ததிலிருந்து 60 ஆண்டு வரை பதிப்புரிமை. 1906-ல் இறந்தவரின் புத்தகம் எப்போதோ பொதுச்சொத்து ஆகிவிட்டது. யாரும் நகலெடுக்கலாம், வலையில் போடலாம், விற்கலாம். ஆனால் தமிழ்ப் பதிப்பை அப்படியே ஸ்கேன் செய்து போடுவது வேறு விஷயம். அதில் பதிப்பாசிரியர்களின் உழைப்பு இருக்கிறது, அவர்கள் காலம் நமக்கு நெருங்கியது. கேட்டுவிட்டுத் தொட வேண்டும். மூலம் பொது என்பதால் அதன் மேல் கட்டியதெல்லாம் பொது ஆகிவிடாது.

மேல்நாட்டு ஆர்க்கெஸ்ட்ரா உலகம் இந்தப் பதிப்புரிமைச் சண்டையை நேரடியாகவே பார்த்தது. 2006-ல் எட்வர்ட் குவோ என்ற இசை மாணவர், உரிமை முடிந்த ஸ்வரத்தாள்களை எல்லாம் திரட்டி ஒரு வலைநூலகம் தொடங்கினார். வெனிஸ்காரர் நினைவாக அதற்குப் பெட்ருச்சி நூலகம் என்றே பெயர். நூலகம் இயங்கிய கனடாவின் சட்டப்படி உரிமை முடிந்த சில படைப்புகளுக்கு ஐரோப்பாவில் இன்னும் உரிமை இருக்கிறது என்று வியன்னாவின் யுனிவர்சல் எடிஷன் பதிப்பகம் நோட்டீஸ் விட்டது. 2007 அக்டோபரில் நூலகம் மூடப்பட்டது. 2008 நடுவில் மறுபடி திறந்தது. இன்று உலகின் எந்த மூலையிலும் ஒரு பள்ளிக்கூட ஆர்க்கெஸ்ட்ரா, யாரும் நூறு வருஷமாய் வாசிக்காத சிம்பொனியை இறக்கி வாசிக்கிறது என்றால் அதற்குக் காரணம் இந்த நூலகம். ஆர்க்கெஸ்ட்ராவுக்கு இன்னொரு தலைவலி உண்டு. நடத்துநருக்கு முழுத்தாள் ஒன்று இருந்தால் போதாது. புல்லாங்குழலுக்கு ஒன்று, கொம்புக்கு ஒன்று, வயலினுக்கு ஒன்று என்று தனித்தனித் தாள் வேண்டும். காணாமல் போவது பெரும்பாலும் அந்தத் தனித்தாள்கள்தான். பிலடெல்பியாவின் பிளைஷர் தொகுப்புக்காக 1930-களின் பெருமந்தக் காலத்தில் அமெரிக்க அரசு வேலையில்லாத இசைக்காரர்களுக்குச் சம்பளம் கொடுத்துத் தாள்களைக் கையால் நகலெடுக்க வைத்தது. நம் ஊரில் அப்படி ஒரு திட்டம் வந்திருந்தால் எத்தனை நட்டுவனார் வீட்டு நோட்டுகள் கரையானுக்குத் தப்பியிருக்கும்!

தீட்சிதர் புத்தகம் கணினிக்கு இரண்டு வழியில் வந்தது. ஒன்று படமாக. ஆந்திரத்தில் பிறந்து, கிண்டியில் பொறியியல் படித்து, அமெரிக்காவில் கணினி விஞ்ஞானியான ராஜ் ரெட்டியின் பத்து லட்சம் புத்தகத் திட்டத்தோடு சேர்ந்து, பெங்களூர் இந்திய அறிவியல் கழகம் முதலான இடங்களில் பழம் புத்தகங்களை ஸ்கேன் செய்தார்கள். அந்த இந்திய மின்னூலகத்துப் படங்கள் பின்னர் இண்டர்நெட் ஆர்க்கைவில் வந்து குவிந்தன. சங்கீதப் புத்தகம் தேடுகிறவர்களுக்கு அது ஒரு காடு: தலைப்பு ஒன்றாக இருக்கும், உள்ளே வேறொன்று இருக்கும், நடுவில் பக்கம் காணாது, ஸ்கேன் செய்தவர் கட்டைவிரல் ஸ்வரத்தின் மேல் இருக்கும். குறை சொல்ல மனம் வரவில்லை. அந்தக் கட்டைவிரல் இல்லாவிட்டால் அந்தப் பக்கமே இல்லை.

இன்னொரு வழி, எழுத்தாக. கனடாவில் கணிதப் பேராசிரியராக இருந்த பி.பி. நாராயணசுவாமியும் வித்யா ஜெயராமனும் புத்தகத்தை ஆங்கில எழுத்தில், ஸ்வரமும் கமகக் குறியும் உட்பட மறுபடி கோத்து, வட கரோலினா பல்கலைக்கழகத்தின் ஐபிப்ளியோ தளத்தில் இலவசமாக வைத்தார்கள். எட்டயபுரத்து கம்போஸிட்டர் செய்த வேலையை விசைப்பலகையில் இன்னொரு தடவை செய்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

இந்த இரண்டில் எது உசத்தி என்று கேட்பார்கள். எங்கள் பக்கத்தில் பழைய டிசைனை மறுபடி தறிக்குக் கொண்டுவருவதைப் பார்த்தவர்களுக்குப் பதில் தெரியும். பாட்டி புடவையை விரித்துப் போட்டு, லென்ஸ் வைத்து இழை எண்ணி, கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக அடைப்பார்கள்; பிறகு ஜக்கார்டு அட்டையில் துளை போடுவார்கள். புடவையைப் போட்டோ எடுத்தால் அழகாக இருக்கும், ஆனால் தறி ஓடாது. கிராஃப் போட்டவர் ஒரு கட்டம் தவறினால் தறி ஓடும், அன்னத்துக்கு மூக்கு இருக்காது. அதனால் கிராஃப் வந்த பிறகும் புடவையை யாரும் தூக்கிப் போடுவதில்லை.

படத்தில் தேட முடியாது. தோடியில் எத்தனை இடத்தில் காந்தாரத்துக்குக் கம்பிதம், எத்தனை இடத்தில் நொக்கு என்று படத்தைக் கேட்டால் அது பேசாது. எழுத்தாக இருந்தால் கேட்கலாம். ஆனால் எழுத்தாக்கும் மென்பொருள் தெலுங்கு ஸ்வரத்தைப் படித்துவிட்டு, மேலே உள்ள அலைக்கோட்டை அழுக்கு என்று துடைத்துவிடும். 1904-ன் தாள் பழுத்து, பின்பக்கத்து மை ஊறித் தெரியும்போது, ஸ்புரிதத்தின் மூன்று புள்ளியில் எது புள்ளி, எது ராமபாணப் பூச்சி போட்ட துளை என்று மனிதக் கண்ணுக்கே சந்தேகம் வரும். இன்னொரு பிரதியை வைத்துத்தான் தீர்க்க வேண்டும். யூனிகோடில் ஐரோப்பிய இசைக்குறிகளுக்கு 2001-லேயே தனித் தொகுதி வந்துவிட்டது. வேத ஸ்வரக் குறிகளுக்கு 2009-ல் வந்தது. தீட்சிதரின் குறிகளை எழுத வருகிறவர், மூன்று புள்ளிக்குக் கணிதத்தில் 'ஆகவே' என்று போடும் குறியைக் கடன் வாங்கி, தலைகீழுக்கு 'ஏனெனில்' குறியைக் கடன் வாங்கி ஒப்பேற்ற வேண்டியிருக்கிறது. பார்வைக்குச் சரி. நாளைக்கு ஒரு மென்பொருள் அதைத் தர்க்கம் என்று படித்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

வீட்டில் பழைய ஸ்வர நோட்டு வைத்திருப்பவர்கள் செய்யக்கூடியது அதிகமில்லை, ஆனால் அதுவே பெரிது. தைத்த முதுகைப் பிரிக்காமல், பகல் வெளிச்சத்தில், ஃபோனை நேர் மேலே பிடித்து, வெற்றுப் பக்கம் உட்பட வரிசையாகப் படம் எடுங்கள். ஓரத்துக் கிறுக்கலை வெட்டிவிடாதீர்கள்; தாத்தா போட்ட திருத்தம் அங்கேதான் இருக்கும். பழைய தாளுக்கு ரப்பர் பேண்டும் செல்லோ டேப்பும் விஷம்.

காஞ்சியில் ஒரு நாகஸ்வர வித்வானுக்கு பைரவிக் கிருதியின் பக்கங்களை அச்செடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வரிவரியாக முணுமுணுத்தார். அனுபல்லவியில் ஓரிடத்தில் நின்றுவிட்டார்.

"தம்பி, இங்க ஏற்ற ஜாரு போட்டிருக்கு. எங்க பாட்டனார் இந்த இடத்துல ஏற மாட்டாரு. இறங்கித்தான் வருவாரு."

"புத்தகம் தப்புங்களா ஐயா?"

"தப்புன்னு யாரு சொன்னா? தீட்சிதர் வீட்டுல அப்படி. எங்க வீட்டுல இப்படி."

சொல்லிவிட்டு இரண்டையும் பாடிக் காட்டினார். ஃபோனில் பதிவு செய்துகொண்டேன். அச்செடுத்த தாளில் ஜாருவின் பக்கத்தில் அவரே பென்சிலால் எதிர்ச்சாய்வில் ஒரு கோடு போட்டுத் தந்தார். அந்தத் தாளையும் ஸ்கேன் செய்து, 1904 பக்கம் இருக்கும் அதே கோப்புறையில், அவர் குரலோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.